பழைய ஆர்.எக்ஸ்.100 வாங்கப் போறீங்களா? உஷார்!

சென்னை:

புதுப்பேட்டையோ, ஜி.பி. ரோடோ... எங்கே ஒரு ஆர்.எக்ஸ்.100 சத்தம் கேட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். கம்பெனி தயாரிப்பை நிறுத்தி கால் நூற்றாண்டு தாண்டியும் இந்த யமஹாவுக்கு மவுசு குறையவே இல்லை. நல்ல கண்டிஷனில் உள்ள வண்டிக்கு லட்சத்துக்கு மேலேயும் ரேட் சொல்கிறார்கள்.

ஆசையில் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு மெக்கானிக் கடைக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்கணும்?

ஏன் இந்த கிராக்கி?

எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1985-ல் யமஹா இந்த பைக்கை இந்தியாவில் இறக்கியது. 1996-ல் தயாரிப்பு நின்றது. 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். 11 குதிரை சக்தி. வண்டி எடையோ நூறு கிலோ சொச்சம்தான். அதனால்தான் ஆக்சிலேட்டரை முறுக்கினதும் ஜிவ்வென்று கிளம்புகிறது.

ஆனால் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். இழுவைக்கு ஏத்த பிரேக் கிடையாது என்பதை ஓட்டுகிறவர்கள் மறக்கக்கூடாது.

முதல்ல புக்கைப் பாருங்க!

வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் ஆர்.சி. புக் சரியில்லை என்றால் தொடவே கூடாது. இரு சக்கர வாகனப் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி புதுப்பிக்கணும். 1996-ல் பதிவான வண்டி என்றால் 2011, 2016, 2021 என்று புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் பாக்கியும் அபராதமும் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் பதிவு எதுவரை இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். டிராபிக் போலீஸ் அபராத பாக்கி இருக்கிறதா என்பதையும் ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். இரண்டும் ஆர்.சி.யில் உள்ளபடி ஒரு எழுத்து பிசகாமல் இருக்கணும். ஆர்.எக்ஸ்.100 நம்பர் '1எல்1' என்று தொடங்கும். ஆர்.எக்ஸ்.135 வண்டிக்கு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி ஆர்.எக்ஸ்.100 என்று தள்ளிவிடுகிற ஆட்களும் உண்டு. நம்பர் பஞ்ச் அடித்த இடத்தில் ராவிய அடையாளமோ, வெல்டிங்கோ தெரிந்தால் பேச்சே வேண்டாம், நடையைக் கட்டுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் பணமும் போகும், போலீஸ் கேசும் வரும்.

பேர் மாத்தாம விடாதீங்க!

"30-ம் நம்பர் பாரத்துல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோ, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்வது வழக்கம். இதுதான் பெரிய ஆபத்து. விற்றவருக்கும் ஆபத்து, வாங்கினவருக்கும் ஆபத்து.

பல கை மாறிய ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பழைய ஓனர் பேரே இருந்தது. வண்டியை விற்றுவிட்டேன் என்று அவர் சொல்லியும் பலனில்லை. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈடு கொடுக்கணும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆகவே 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து போட்டதும் கையோடு ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கினவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கணும் என்கிறது சட்டம். இன்சூரன்சிலும் 14 நாளுக்குள் பேர் மாற்ற எழுதிக் கொடுக்கணும்.

வேறு மாநில வண்டி என்றால் 28-ம் எண் படிவத்தில் என்.ஓ.சி. வாங்கணும். பழைய வண்டி என்பதால் ஓனர் காலமாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்து 31-ம் எண் படிவத்தில் வாரிசு பேருக்கு முதலில் மாற்ற வேண்டும். "அப்பா வண்டிதான்" என்று மகன் விற்றால் மட்டும் செல்லாது.

இன்ஜின் எப்படி?

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறிப்போய் இருக்கணும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது.

கிக்கர் அடித்ததும் கொஞ்சம் புகை வருவது டூ ஸ்ட்ரோக்குக்கு சகஜம். சூடான பிறகும் வெள்ளையாகக் கக்கிக்கொண்டே இருந்து, கியர் ஆயிலும் குறைந்தால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்டும் ரைசிங் குறையாமல் நின்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை தடவை போர் செய்திருக்கிறார்கள் என்று கேட்கத் தவறக்கூடாது. ஒவ்வொரு போருக்கும் 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று பிஸ்டன் சைஸ் ஏறிக்கொண்டே போகும். கடைசி சைஸ் வந்துவிட்டால் அடுத்து செலவு ஜாஸ்திதான்.

பராமரிப்பு

* டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயிரே 2டி ஆயில்தான். ஆயில் பம்ப் நின்றால் பிஸ்டன் காலி. பம்ப்பை கழற்றிவிட்ட வண்டி என்றால் பெட்ரோல் போடும்போதெல்லாம் மறக்காமல் ஆயில் கலக்கணும். 1:40 கணக்கு என்றால் லிட்டருக்கு 25 மில்லி.

* இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப், கார்புரேட்டர் வாஷர்கள் இதில் சீக்கிரம் கெடும். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.

* சைலன்சரில் கரி அடைத்தால் இழுவை போய்விடும். அப்பப்போ கழற்றி சுத்தம் செய்யணும். சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டினால் போலீசில் மாட்டிக்கொள்வீர்கள்.

* ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது. தூசி நேராக உள்ளே போய் போரைத் தின்றுவிடும்.

* பிரேக் ஷூ, கேபிள் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். புகைச் சான்றிதழும், தேர்டு பார்ட்டி இன்சூரன்சும் காலாவதி ஆகாமல் இருக்கணும்.

வண்டியைப் பார்க்கத் தனியாகப் போகாமல், டூ ஸ்ட்ரோக் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கிற கூலி, பின்னால் இன்ஜினுக்கு அழுவதைவிடக் குறைவுதான்.