எந்த குரூப் எடுக்கப் போறே?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் சுற்றி வருவது இந்த ஒரே கேள்விதான். பதிலைப் பெரும்பாலும் மார்க்கே சொல்லிவிடுகிறது. ஐந்நூற்றுக்கு நானூற்றைம்பதைத் தாண்டினால் ஃபர்ஸ்ட் குரூப், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ், அதற்கும் கீழே தொழிற்கல்விப் பிரிவு. சேர்க்கை மேசைக்கு முன்னால் அப்பா, "எப்படியாவது ஃபர்ஸ்ட் குரூப் போட்டுக் கொடுங்க சார், பையன் படிச்சுக்குவான்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். பையன் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு, இரண்டு வருடம் கழித்து என்னென்ன விண்ணப்பம் போடலாம் என்பதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கணிதம் எடுக்காவிட்டால் பி.இ. கலந்தாய்வும் பி.ஆர்க். படிப்பும் கை நழுவும். உயிரியல் எடுக்காத பிள்ளை நீட் பக்கம் போவது கடினம். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கோ எந்த குரூப்பும் போதும். காமர்ஸ் எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பக்கமே தலைவைக்க முடியாது என்று சொல்லும் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், தகுதித் தேர்வில் தேற வேண்டும். மட்டமாக நினைக்கும் அதே காமர்ஸ் வகுப்பிலிருந்துதான் சி.ஏ.வுக்கும் போகிறார்கள். அது எவ்வளவு கடினமான தேர்வு என்பது ஃபர்ஸ்ட் குரூப் பெற்றோருக்குத் தெரியாது.

மொத்த மார்க் மீது நமக்கு இருக்கும் பக்தியும் கொஞ்சம் குறைய வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் இருநூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் அப்படியே நூறு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. பிளஸ் டூவில் 600-க்கு 560 வாங்கிய பெண், கணிதத்தில் 88, மற்ற இரண்டிலும் 90 என்றால் கட்-ஆஃப் 178. 530 மட்டுமே வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன் அதே மூன்றிலும் 96, 94, 92 எடுத்திருந்தால் அவனுக்கு 189. தெரு முழுக்க இனிப்பு கொடுத்தது என்னவோ அந்தப் பெண்ணின் வீட்டில்தான்.

இதையெல்லாம்விட, பேசவே பேசாத ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து நேராகப் பாலிடெக்னிக் போகிறவர் மூன்று வருடத்தில் டிப்ளமோ வாங்குகிறார். பிறகு பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது மூன்று வருடம். ஆக ஆறு. பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்துவிட்டு நாலு வருடம் பி.இ. படிக்கிறவருக்கும் அதே ஆறுதான். ஐடிஐ வழியே போனால்? இரண்டு வருட ஃபிட்டர் படிப்பு, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டு என்று கூட்டினால் ஏழு. ஒரே ஒரு வருடம் கூடுதல். நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். வீட்டில் பணம் முடை என்றால் இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு மறுபடி படிக்கலாம். பிளஸ் டூவோடு நிற்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

"படிப்பு ஏறாதவன் போற இடம்" என்று ஐடிஐயைச் சொல்கிறவர்கள் ஃபிட்டர் பட்டறைக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். முதல் சில வாரம் முழுக்க வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவும் வேலைதான். ராவியபின் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி வைஸுக்கே போக வேண்டும். தோள் வலிக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும், பொறுமை இல்லாத பையன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவான். டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் 71 அரசு ஐடிஐகளுக்கு ரோபோவும் நவீன இயந்திரங்களும் வந்திருக்கின்றன. ஆனாலும் அரம் பிடிக்கப் பழகாமல் அங்கே யாரும் முன்னேறுவதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. மாணவர்களுக்கு வழிகாட்டும் 'நான் முதல்வன்' திட்டம் 2022-ல் வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' கூட்டங்கள் நடக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பாதிக் கதவுகள் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே சாத்தப்பட்டுவிடுவதால், இந்தப் பேச்சு ஒன்பதாம் வகுப்பிலேயே, பெற்றோரையும் உட்காரவைத்து நடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெற்றோர் காதில் போட்டுவைக்க ஒரு விஷயம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவருக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் இரண்டு வருடம் "நல்ல பள்ளி" என்று தனியாருக்கு மாற்றினால் அது போயிற்று. கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரி சான்றிதழும் அப்படித்தான்: குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பி கேட்க முடியாது. மூத்த பிள்ளை கட்டணம் குறைந்த அரசு கலைக் கல்லூரிக்கும், இளையவன் சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்கும் போகப்போகும் வீடுகளில் சலுகை யாருக்கு அதிகம் பயன்படும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறவர்கள் மிகக் குறைவு. கலந்தாய்வுக்கு முந்தின வாரம் இ-சேவை மைய வரிசையில் நிற்கும்போதுதான் பலருக்கு இந்த விதியே தெரியவருகிறது.