புதிய விமானிகளின் ஊதியமற்ற உழைப்பு

உழைத்தவன் கூலி பெறுதல் உலக வழக்கு. உழைக்க இடம் கிடைப்பதற்காக உழைப்பவனே பணம் கட்டுவதும் உண்டோ என்று நம் சங்க அங்கத்தினர்கள் வியக்கக்கூடும். ஐரோப்பிய விமானத் தொழிலில் இந்நூற்றாண்டில் அத்தகைய ஏற்பாடு தலைகாட்டியுள்ளது. ‘பணம் கட்டிப் பறத்தல்’ என்பது அதன் பெயர்.

விமானியாக விரும்பும் இளைஞர் பெருங்கடன் பெற்றுப் பயின்று உரிமம் அடைகிறார். அப்பொழுது அவருக்குள்ள பறத்தல் அனுபவம் சுமார் 200 மணி நேரமே. பின்னர் போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்திற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். அச்செலவும் பெரும்பாலும் அவர் தலைமீதே விழுகிறது. இவ்வளவும் முடித்த பின்னரும், அனுபவம் இல்லையெனில் வேலை இல்லை. வேலை இல்லையெனில் அனுபவம் இல்லை. இந்த இக்கட்டைச் சில நிறுவனங்களும் தரகர்களும் வாணிபமாக்கிக் கொண்டனர். சில நூறு மணி நேரப் பறத்தலை அவர்கள் விலைக்கு விற்றனர். வாங்கியவர் துணை விமானியின் ஆசனத்தில் அமர்ந்து, கட்டணம் செலுத்திய பயணிகளை ஏற்றிச் செல்கிறார். பயணியும் பணம் தருகிறார். விமானியும் பணம் தருகிறார்.

இதனால் நஷ்டம் புதியவருக்கு மட்டும் அன்று. விலைக்கு விற்கப்பட்ட ஒவ்வோர் ஆசனமும் ஊதியம் பெறவேண்டிய ஒரு விமானி இழந்த ஆசனமாகும். மேலும், களைப்புற்ற விமானி ‘இன்று பறக்க இயலாது’ என்று அஞ்சாமல் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கியவருக்கு அத்துணிவு எளிதில் வருமோ?

தொழிற்சங்கம் செய்யக்கூடியதற்குச் சரித்திரம் சான்றாக நிற்கிறது. அமெரிக்க விமானிகள் 1931ஆம் ஆண்டில் சங்கம் கண்டனர். 1934இல் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் வாரியம் மாதத்திற்கு 85 மணி நேரமே பறத்தல் என்ற வரம்பையும், ஊதியக் கணக்கு முறையையும் தன் தீர்ப்பில் வகுத்தது. 1938ஆம் ஆண்டின் விமானச் சட்டம் அவற்றை நிறுவனங்கள் பின்பற்றியே தீரவேண்டும் என்றாக்கியது. ஐரோப்பிய விமானிகளின் கூட்டமைப்பும் பணம் கட்டிப் பறத்தலைத் தடைசெய்யக் கோரி வந்துள்ளது.

ஆயினும் ஓர் இடர் உளது. வேலை கிட்டாத புதியவர் பொதுவாகச் சங்க அங்கத்தினர் அல்லர். ஒப்பந்தம் பேசுமிடத்தில் அவருக்கு வாக்கு இல்லை. ஊதியமும் சலுகைகளும் பணிமூப்பை ஒட்டி அமையும் இத்தொழிலில், மூத்தோர் தம் நலம் மட்டும் பேணின், மலிவு உழைப்பு வாயில் வழியே உள்ளே வந்துவிடும். ஆதலால் வாயிலில் நிற்பவரைக் காப்பது தருமம் மட்டுமன்று, தற்காப்பும் ஆகும்.

இவ்வுண்மை தறிக்கும் பொருந்தும். புதியவர் இனாமாக நெய்யும் தறி, மூத்தவர் கூலியையும் இறக்கும். பயிற்சி என்ற பெயரில் நெய்ததாயினும், விலைபோகும் துணிக்குக் கூலி உண்டு என்பதைத் துணைவிதிகளில் எழுதி வைத்தல் நலம். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிக்க வேண்டுமென்று நாம் விழைகிறோம்.