மூன்றாம் தடவைக்கு முன்: மறந்த பாடமும் மூளையும்

இலங்கையில் மருத்துவ பீடத்துக்கென்று தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களின் பெறுபேறுதான் பெரும்பாலும் அனுமதியைத் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று தடவை தோற்றலாம். பிள்ளைகளின் பேச்சில் அது பேர்ஸ்ட் ஷை, செகண்ட் ஷை, தேர்ட் ஷை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். வீட்டு நிலைமை அவர்களைக் கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பிவிடுகிறது. சிலர் ஊரிலேயே தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார்கள். நான்கைந்து வருடம் கழித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுதிப் பார்க்கலாமே என்று நினைக்கும்போது முதலில் வருவது ஒரே பயம்தான்: “படிச்சதெல்லாம் மறந்துபோச்சே.”

அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை? ஞாபகத்தைப் பற்றிய ஆய்வு நூறு வருடங்களுக்கு மேலாகத் தருகிற பதில், நாம் நினைப்பதைவிட ஆறுதலானது.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட நூலில் தன்னையே சோதனைக்கு உட்படுத்தினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, அதே பட்டியலைத் திரும்பப் படித்தார். எத்தனை அசை ஞாபகமிருக்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. இரண்டாம் முறை படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் ஐந்திலொரு பங்கு மிச்சமானது. பொருளே இல்லாத அசைகளுக்கே இப்படி. சொல்லிப் பார்த்தால் வராத விடயமும் மூளையில் ஏதோ ஒரு தடத்தை விட்டுத்தான் போகிறது.

அந்தத் தடம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு குறிப்பு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நரம்பு உயிரியல் நிறுவனத்திலிருந்து கிடைத்தது. எலிகளின் ஒரு கண்ணைச் சில நாட்கள் மூடி வைத்தபோது, அவற்றின் மூளை நரம்புக் கலங்களில் புதிய இணைப்பு முட்கள் முளைத்தன. கண்ணைத் திறந்து பழைய நிலை திரும்பிய பின்பும் அந்த முட்கள் பல அப்படியே இருந்தன. அதே கண்ணை மறுபடி மூடியபோது மூளை முன்னைவிட வேகமாகப் பழகிக்கொண்டது. புதிய முட்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 2009இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. எலியின் பார்வையையும் மனிதரின் இரசாயனவியலையும் ஒன்றாக்க முடியாதுதான். ஆனாலும் திரும்பக் கற்றல் ஏன் வேகமாக நடக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம்.

பள்ளிக்கூடப் பாடத்துக்கு நெருக்கமான சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக், பாடசாலையிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் படித்த எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 1984இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் சிலர் படித்து முடித்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. முதல் மூன்றிலிருந்து ஆறு வருடங்களில் மறதி வேகமாக இருந்தது. அதன்பிறகு மிஞ்சியது முப்பது வருடம் வரை அப்படியே நின்றது. முதலில் நன்றாகப் படித்தவர்களுக்கு மிஞ்சியதும் அதிகம். ஆகவே ஐந்து வருடம் கழித்து வருகிறவர் இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டார். இன்னும் இரண்டு வருடம் போனால் எல்லாமே அழிந்துவிடும் என்ற பதற்றத்துக்கு அவசியமில்லை.

திரும்ப வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது படிக்கும் முறையில். பழைய கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்கள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பந்தியைச் சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு மூன்று நான்கு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்த குழுவே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் ஞாபகமிருந்தது. தங்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்ததும் வாசித்த குழுதான்.

ஆகவே முதல் நாள் கொப்பியைத் திறக்க வேண்டாம். கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுங்கள். உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் தெரியும், ஊகம், தெரியாது என்று குறித்துக்கொண்டே செய்யுங்கள். ‘தெரியும்’ என்று குறித்தும் பிழைத்துப்போன வினாக்கள்தான் உங்கள் உண்மையான பாடத்திட்டம். ‘ஊகம்’ என்று குறித்துச் சரியானவை, எபிங்காஸ் அளந்த அந்த மிச்சமாக இருக்கலாம். அவற்றுக்குக் கொஞ்ச நேரம் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாடத்திட்டம் 2017இல் திருத்தப்பட்டு, 2019இலிருந்து அதன்படி பரீட்சை நடக்கிறது. அதற்கு முன் படித்தவர்கள் தேசிய கல்வி நிறுவகத்தின் தற்போதைய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தொடங்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவருக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும் என்பது குறைதான். ஆனால் விட்டு விட்டுப் படிப்பது மூளைக்கு ஒத்துப்போகிறது. செப்பேடா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில் மூன்று வாரம் இடைவெளி விட்டு மீட்டியவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை மீட்டுவதைவிட, இன்று செய்த வினாவை மூன்று வாரம் கழித்துத் திரும்பச் செய்வது மேல்.

வேலை பார்த்த வருடங்களும் வீணில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அறையில் நின்றவருக்கு நொதியம் என்பது வெறும் வரைவிலக்கணம் அல்ல. வாடிய கொழுந்து உருட்டுப்படும்போது கலங்கள் கிழிந்து, அதுவரை தனித்தனியே இருந்த கற்றெக்கினும் பொலிபீனொல் ஒக்சிடேஸ் என்ற நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சந்திக்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. பிறகு சூடான காற்றில் உலர்த்தும்போது நொதியத்தின் வடிவம் குலைந்து வேலை நின்றுவிடுகிறது. சற்றுப் பிந்தினால் சாயமும் சுவையும் மாறிவிடும் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். வெப்பநிலை, கீழ்ப்படை, நொதியம் மூன்றையும் இணைத்துக் கேட்கிற கட்டுரை வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்தக் கொப்பியிலும் கிடைக்காது. தெரிந்ததோடு கட்டப்படும் புதிய அறிவு எளிதில் அறுவதில்லை.

அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளியின் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாடத்தின் சராசரி 45, நியமவிலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 75 எடுத்தவரின் இசட் புள்ளி (75 - 45) ÷ 15, அதாவது 2. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளும் கூட்டிச் சராசரியாக்கப்படுகின்றன. உயிரியலிலும் இரசாயனவியலிலும் 2 எடுத்து, பௌதிகவியலில் 0.5 எடுத்தவரின் சராசரி 1.5க்கு இறங்கிவிடும். பிடித்த பாடத்தை மெருகேற்றுவதை விட்டு, பயந்து தள்ளி வைத்த பாடத்தைத் தூக்கி நிறுத்துவதே இலாபம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை. 1970களில்தான் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகள் அதே மாவட்டத்தின் நகரப் பாடசாலைகளோடு போட்டியிட்டே அந்த இடத்தை எடுக்க வேண்டும்.

வயது இதற்குப் பெரிய தடையில்லை. இந்தியாவில் 2020இல் ஒடிசாவைச் சேர்ந்த 64 வயது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் தேறி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வயதைவிடப் பெரிய குறை வேறு. தோட்டத்தில் தனியாகப் படிக்கிறவருக்கு இல்லாதது, எழுதிய விடையைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆள். பல்தேர்வு விடையைத் தானே சரிபார்க்கலாம். கட்டுரை விடையில் எந்த வரிக்குப் புள்ளி, எந்த வரிக்கு இல்லை என்பதை ஆசிரியர்தான் சொல்ல முடியும். உயிரியல் பிரிவு நடத்துகிற ஹட்டன், நுவரெலியா பாடசாலைகளிடம் கேட்பது இவ்வளவுதான். தவணைப் பரீட்சை வைக்கும்போது தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கும் நான்கு மேசை போடுங்கள், அவர்களின் விடைத்தாளையும் திருத்திக் கொடுங்கள். அதற்குப் புதிய கட்டடமோ சுற்றறிக்கையோ தேவையில்லை.