ஹோலுக்கு ஏற்ற ரீ.வி. எது?

கிளிநொச்சியில் 43 அங்குல ரீ.வி. வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காட்டுவது 4கே. கனடாவிலிருந்து காசு அனுப்பிய அண்ணனும் “எடுக்கிறதெண்டால் 4கேயா எடு” என்றுதான் சொல்லியிருப்பார். வன்னியின் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மேலதிகச் செலவு வீண் என்பதே என் கருத்து.

திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் தெளிவுத்திறன் என்கிறோம். எச்.டி. ரெடியில் 1366×768, புல் எச்.டி.யில் 1920×1080, 4கேயில் 3840×2160. 43 அங்குல புல் எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். குறைபாடில்லாத கண்ணுக்கும், ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 4கேயின் நுணுக்கம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் மூன்று அடிக்குள் கதிரையைப் போட வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் பரப்பே 550 சதுர அடிதான். அதன் சிறிய ஹோலில்கூட ரீ.வி.க்கும் கதிரைக்கும் இடையே ஏழெட்டு அடி வந்துவிடும். அங்கிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

அடுத்தது, அந்தத் திரைக்கு என்ன படம் வருகிறது என்ற கேள்வி. ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2014இல் ஜப்பானிய டிஜிற்றல் முறைக்கு மாறுவதாக அரசாங்கம் தீர்மானித்தும், அன்ரெனாவுக்கு வருவது இன்னும் பழைய அனலொக் படம்தான். அதில் 576 வரிகளே உண்டு. கணக்குப் பார்த்தால், வந்து சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் 4கே திரை இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். பத்தொன்பதை அதுவே ஊகித்துப் போடுகிறது. செய்தி நேரத்தில் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் வளைவுகள் கலைந்து, ஓரங்கள் பிசிறடித்திருக்கும். டிஷ் பூட்டியிருந்தாலும், எச்.டி. பெட்டியும் எச்.டி. அலைவரிசையும் இல்லையென்றால் இதே கதைதான்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 4கேக்கு செக்கனுக்கு 15 மெகாபிற் வேகம் வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ், புல் எச்.டி.க்கு 5 போதும். 4கேயில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 7 கிகாபைற் வரை போய்விடும். நகரத்தில் பைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இது பெரிய விடயமில்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் 4ஜி ரூட்டரை நம்பியிருக்கும் வீட்டில், 100 கிகாபைற் பொதி பதினான்கு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்கும் அதே பொதிதான்.

கடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலிவான சில ரீ.வி.களின் பெட்டியில் “புல் எச்.டி. சப்போட்” என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருள். திரை 1366×768 ஆகவே இருக்கலாம். ஆகவே பனலின் தெளிவுத்திறன் என்ன என்று கேளுங்கள். பத்திரிகைப் பக்கமொன்றைக் கைபேசியில் படமெடுத்து, பென்ட்ரைவில் கொண்டுபோய் இரண்டு ரீ.வி.களிலும் போட்டுப் பாருங்கள். பொடி எழுத்து எதில் வாசிக்க முடிகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

32 அங்குலமென்றால், ஆறடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவர்களுக்கு எச்.டி. ரெடி போதும். 43 அங்குலத்துக்கு புல் எச்.டி. 55 அங்குலமும் அதற்கு மேலும் எடுத்து, ஏழடிக்குள் இருந்து பார்ப்பவர்கள், வீட்டில் பைபரும் இருந்தால், 4கே வாங்கலாம். மிஞ்சும் காசில் நல்ல வோல்ற்றேஜ் காட் ஒன்று வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேர இடி முழக்கம் தொடங்கினால், அதையும் நம்பியிராமல் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த ரீ.வி. என்று சொல்வதற்கு முன், கதிரையிலிருந்து சுவர் எத்தனை அடி, வீட்டில் என்ன இணைப்பு என்று கேளுங்கள்.