பாம்புக்கு இரங்கிய கவிதை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழ் மக்கள் நாவிற் பயின்ற பழமொழி. அந்த நடுக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. காலின்றி ஊர்ந்து, ஓசையின்றி வந்து, இமையாது நோக்கும் அவ்வுயிரைக் கண்டவிடத்து எந்நாட்டாரும் அஞ்சுகின்றனர். அஞ்சியவுடன் தடியைத் தேடுகின்றனர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 வரையான மக்கள் பாம்புக்கடியால் உயிரிழக்கின்றனர். இத்தகைய உயிரிடத்தும் இரக்கம் வேண்டுமென்று ஒரு கவிஞர் கூறப் புகுந்தால் எவ்வாறு கூறுவார்? ஆங்கிலக் கவிஞர் டி. எச். லோறன்ஸ் இயற்றிய ‘பாம்பு’ என்னும் கவிதை இவ்வினாவுக்கு ஏற்றதொரு விடையாகும்.

லோறன்ஸ் 1885 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியிலுள்ள ஈஸ்ற்வூட் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நாவலாசிரியராகவே அவரைப் பலரும் அறிவர். முதலாம் உலகப் போரின் பின் தாய்நாட்டை நீங்கிய அவர், 1920 தொடக்கம் 1922 இன் முற்பகுதி வரை இத்தாலிக்குரிய சிசிலித் தீவில், தாவோர்மினா என்னும் மலைச்சாரல் ஊரில் வாழ்ந்தார். அங்கே பிறந்த இக்கவிதை 1921 இல் அச்சேறியது. பின்னர், 1923 இல் வெளிவந்த ‘பறவைகள், விலங்குகள், மலர்கள்’ என்னும் தொகுதியிலே இடம்பெற்றது. வௌவால், மீன், ஆமை, நுளம்பு எனப் பிற புலவர் பெரிதும் பாடாத உயிர்களையெல்லாம் அத்தொகுதியிற் காணலாம். அதிலுள்ள ‘யானை’ என்னும் கவிதை இலங்கையைப் பற்றியது. 1922 இல் கண்டியிலே சில வாரங்கள் தங்கிய லோறன்ஸ், வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி நிகழ்ந்த பெரஹராவைக் கண்டு அதனைப் பாடினார்.

‘பாம்பு’ கவிதையின் நிகழ்ச்சி மிக எளியது. சிசிலியில் யூலை மாதத்து வெயில். தொலைவில் எற்னா எரிமலை புகைந்துகொண்டிருக்கிறது. வெப்பந் தாளாது இரவு உடையோடேயே ஒருவர் குடத்தை எடுத்துக்கொண்டு நீர்த்தொட்டிக்கு வருகிறார். அவருக்கு முன்னரே ஒரு பாம்பு அங்கு வந்துவிட்டது. மண்சுவரின் வெடிப்பிலிருந்து இறங்கி, கற்றொட்டியின் விளிம்பில் உடலைத் தளர விட்டு, அது நீர் அருந்துகிறது. வந்தவர் தம் முறை வரும்வரை குடத்தோடு காத்து நிற்கிறார்.

அப்பொழுது அவருள்ளே குரல்கள் எழுகின்றன. கரும்பாம்பு தீங்கற்றது, பொன்னிறப் பாம்பு நஞ்சுடையது, ஆதலால் இதனைக் கொல்க என்கிறது அவர் கற்ற கல்வி. ஆண்மகனாயின் அடித்துக் கொல்லாமல் நிற்பாயோ என்று இகழ்கிறது மற்றொரு குரல். அவரோ அந்தப் பாம்பை விரும்புகிறார். அது தம்மிடம் வந்ததைப் பெருமையாக எண்ணுகிறார். ஆயினும், நீர் அருந்தி முடித்த பாம்பு மெல்லத் திரும்பி இருண்ட பொந்தினுள் தலையை நுழைக்கும் வேளையில், இன்னதென்று அறியாத ஒரு வெறுப்பு அவரைப் பற்றுகிறது. கைக்கு எட்டிய கட்டையொன்றை எடுத்து வீசுகிறார். அது பாம்பின்மீது பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும், அதுவரை அமைதியோடு சென்ற பாம்பு துடிதுடித்து ஓடி மறைகிறது. அக்கணமே அவர் தம் செயலுக்கு நாணுகிறார். பாம்பு திரும்பி வாராதா என்று ஏங்குகிறார். தம் சிறுமைக்குக் கழுவாய் தேடவேண்டும் என்னும் எண்ணத்தோடு கவிதை முடிகிறது.

இதில் முதலாவதாகக் கருதத்தக்கது, பாம்பு தீங்கற்றது என்று கவிஞர் எங்கும் வாதிடவில்லை என்பதாகும். சிசிலித் தீவில் இயற்கையாக வாழும் நச்சுப்பாம்பு விரியன் இனத்தைச் சேர்ந்த ஒன்றே. அங்குள்ள கரும்பாம்பு நஞ்சற்றது என்பது உண்மை; ஆயின், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நஞ்சற்ற பாம்பும் அத்தீவில் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு கூறும் அந்தக் கல்வி அரைகுறைக் கல்வியே. கவிஞரோ அந்த ஆராய்ச்சியில் இறங்கினாரல்லர். தீங்கற்றது என்பதற்காக ஓர் உயிருக்கு இரங்கினால், தீங்குடைய உயிருக்கு இரக்கம் இல்லையென்று ஆகிவிடும். எலியைத் தின்று உழவருக்கு உதவுகிறது என்பதற்காக இரங்கினால், அது பயன் கருதிய கணக்காகிவிடும். நஞ்சுடையது என்று நம்பிக்கொண்டே அதன் தாகத்தை மதிப்பதுதான் இக்கவிதை காட்டும் இரக்கம்.

இரண்டாவது, கவிஞர் அச்சத்தை மறைக்கவில்லை. தாம் அஞ்சியது மெய்யே என்று கவிதையில் வருபவர் ஒப்புக்கொள்கிறார். அச்சத்தினும் மேலாகப் பெருமையை உணர்ந்ததாகவும் கூறுகிறார். அச்சமும் மதிப்பும் ஒரே நெஞ்சில் ஒருங்கு இருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும். பாம்பை அவர் விருந்தினர் போலக் கருதுகிறார். பழந்தமிழில் விருந்து என்பது புதுமையைக் குறித்த சொல். முன் அறியாதவராய்ப் புதிதாக வருவோரே விருந்தினர் எனப்பட்டனர். அறிந்தவரை உபசரித்தல் எவர்க்கும் எளிது. அறியாத, அஞ்சத்தக்க உயிர் வந்து நிற்கும்பொழுதே பண்பு சோதிக்கப்படுகிறது.

மூன்றாவது, கவிதையில் வரும் அல்பற்றோஸ் என்னும் கடற்பறவையின் நினைவு. 1798 இல் வெளிவந்த கோல்றிஜ்ஜின் ‘முதிய மாலுமி’ என்னும் கதைப்பாட்டில், மாலுமி ஒருவன் தீங்கு செய்யாத அப்பறவையைக் காரணமின்றி எய்து கொல்கிறான். அதன் உடல் அவன் கழுத்தில் தொங்கவிடப்படுகிறது. நெடுந்துயரின் பின், கடலில் நெளியும் நீர்ப்பாம்புகளின் அழகைக் கண்டு அவன் தன்னையறியாமலே அவற்றை வாழ்த்துகிறான். அப்பொழுது பறவையின் உடல் கழுத்திலிருந்து வீழ்கிறது. அம்மாலுமிக்குப் பாம்பை வாழ்த்தியதனால் விடுதலை கிடைத்தது. லோறன்ஸின் கவிதையில் வருபவரோ, வாழ்த்தத் தொடங்கிப் பின் கட்டையை வீசியவர். விவிலியத்தின் ஆதியாகமத்திலே சபிக்கப்பட்டது பாம்பு. இக்கவிதையிலோ சாபத்துக்குரியது மனிதனின் கல்வி.

கவிதையின் நடையும் பொருளுக்கு இயைந்தது. எதுகை, மோனை போன்ற கட்டுப்பாடின்றி, பேச்சின் ஓசையோடு, வரிகள் சில வேளை நீண்டும் சில வேளை குறுகியும் செல்கின்றன. தமிழில் வசன கவிதை என வழங்குவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இக்கவிதையைக் கற்றவர் பாம்பைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டியதில்லை. பாம்பைக் கண்டால் விலகி நின்று, அது போக வழிவிடுக என்பதே இன்றைய அறிஞரின் அறிவுரை. அதனைப் பிடிக்கவோ அடிக்கவோ முற்படும்போது கடியுண்டவர் பலர். தொட்டியருகே குடத்தோடு காத்து நின்றவர் அவ்வளவில் அறிவுக்கும் அருளுக்கும் பொருந்தவே நடந்தார். பின்னர் வீசிய கட்டையோ இரண்டுக்கும் மாறானது. போகின்ற உயிரின் புறத்தே எறிந்த அந்தக் கட்டையினால் பாம்புக்கு ஊறு நேர்ந்ததாகக் கவிதை கூறவில்லை. எறிந்தவர் நெஞ்சிலேதான் அதன் வடு எஞ்சி நின்றது.