எதிர்வாதம்: காதில் தொடங்கும் கலை

கம்ப்யூட்டர் திரையில் ஆறு முகங்கள். ஒருவர் பேச, மற்ற ஐவரின் மைக்கும் மூடியிருக்கிறது. ஆன்லைன் ஆங்கில விவாத வகுப்பின் இந்தக் கட்டாய மௌனமே நல்ல பயிற்சி. மறுத்துப் பேசத் திணறினால் ஆங்கிலத்தின் மீது பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி காதுதான். எதிரணி பேசும்போதே பலர் தங்கள் அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தாளின் நடுவே ஒரு கோடு போட்டால் போதும். இடப்பக்கம் எதிரணி சொன்னது, வலப்பக்கம் நம் பதில். குறிப்பு தமிழிலோ இந்தியிலோ இருக்கட்டுமே!

"பள்ளியில் செல்போன் கவனத்தைக் கெடுக்கிறது" என்கிறது ஓரணி. "கெடுக்கவில்லை" என்பது வெறும் முரண்டு. "பாட வேளையில் அதைப் பையில் வைக்கச் சொன்னால் போதும், தடை எதற்கு?" என்றால் எதிரணி யோசிக்கும்.

உலகப் பள்ளி விவாதப் போட்டியில் ஒரு பேச்சுக்கு 8 நிமிடம். முதல், கடைசி நிமிடங்கள் தவிர மற்ற நேரத்தில் எதிரணி குறுக்குக் கேள்வி கேட்க அனுமதி கோரலாம். 2019-ல் பாங்காக்கில் இந்திய அணி இந்தப் போட்டியில் சாம்பியன் ஆனது. 2020-ல் கொரோனாவால் போட்டியே ஆன்லைனுக்கு மாறியது.

ஆன்லைனில் இன்னொரு தொல்லை: இணைப்பு அறுந்தால் எதிரணி வாதத்தில் பாதி போய்விடும். "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று சரிபார்த்த பிறகே பதில் சொல்ல முடியும். அதற்கும் சேர்த்துத்தான் கடிகாரம் ஓடுகிறது.