இடுப்பு வளையம் ஏன் விழுகிறது?

புது வளையத்தை இடுப்பில் வைத்துச் சுழற்றுகிறோம். இரண்டு சுற்றுச் சுற்றியதும் அது காலடியில் விழுந்துவிடுகிறது. "எனக்கு இது வராது" என்று அதை மூலையில் சாத்தி வைத்துவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் குறை நம் இடுப்பில் இல்லை. வளையத்தின் அளவில்தான் இருக்கிறது.

மூங்கிலாலும் பிரம்பாலும் ஆன வளையங்கள் முன்பே இருந்தன. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனம் லேசான பாலிஎத்திலீன் குழாயால் வளையம் செய்து, 'ஹூலா ஹூப்' என்ற பெயரில் விற்றது. அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

தாங்குவது எது?

ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு வளையத்தின் உட்புறத்தைத் தள்ளுகிறது. இந்தத் தள்ளலே மையநோக்கு விசை. விசை கூடினால் வளையம் இடுப்போடு நன்றாக அழுந்தும், உராய்வும் கூடும். அந்த உராய்வு வளையத்தின் எடைக்குக் குறையாமல் இருந்தால் வளையம் நழுவாது.

வளையத்தின் ஆரத்திலிருந்து இடுப்பின் ஆரத்தைக் கழியுங்கள். வளையத்தின் மையம் சுற்றிவரும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இடுப்பின் ஆரம் 12 செ.மீ., உராய்வுக் குணகம் 0.5 என்று கொள்வோம். 70 செ.மீ. விட்டமுள்ள வளையம் விழாமலிருக்க நிமிடத்துக்குச் சுமார் 88 சுற்றுகள் வேண்டும். 100 செ.மீ. வளையத்துக்குச் சுமார் 69 சுற்றுகளே போதும். வளையத்தின் நிறை கணக்கின் இருபுறமும் வருவதால் அடிபட்டுப் போகிறது. ஆகவே புதிதாகப் பழகுபவருக்குப் பெரிய வளையமே ஏற்றது. தரையில் நிறுத்தினால் தொப்புளுக்குச் சற்று மேலே வரும் அளவு நல்லது.

உடலின் வடிவமும் உதவுகிறது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுழலும் இயந்திர உருவங்களைக் கொண்டு இதைச் சோதித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரான உருளையில் வளையம் கீழே இறங்கியது. நடுவில் ஒடுங்கி, கீழே விரிந்த உடுக்கை போன்ற உருவத்தில் அது ஓரிடத்தில் நிலைத்து நின்றது.

நாமே செய்யலாம்

பெரணமல்லூர், ஆரணி போன்ற ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்புப் பாலிஎத்திலீன் குழாயே இதற்குப் போதும். 100 செ.மீ. விட்டத்துக்கு 314 செ.மீ. நீளம் வெட்ட வேண்டும். பெரியவர் ஒருவரின் துணையோடு குழாயின் முனைகளை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் அவை இளகும். உடனே இணைப்புத் துண்டை இறுகச் செருகுங்கள். ஆறியதும் அது கவ்விக்கொள்ளும். பிறகு வளையத்தைச் சமதரையில் ஒரு நாள் படுக்க வையுங்கள். துணி நாடாவைச் சுற்றினால் உராய்வு கூடும்.

கடையில் துண்டுகளாக வாங்கினால், ஒவ்வொரு மூட்டும் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு

பிளாஸ்டிக் நெடுநேரம் ஒரே பக்கமாக இழுபட்டால் அந்த வடிவத்திலேயே தங்கிவிடும். வளையத்தை ஒற்றை ஆணியில் மாதக்கணக்கில் மாட்டினால் அது முட்டை வடிவமாகும். அப்போது தள்ளல் சுற்றுக்குச் சுற்று சீராக இராது. ஆகவே படுக்க வைப்பதே நல்லது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும். குழாயில் கலந்துள்ள கரித்தூள் அக்கதிர்களை உறிஞ்சிக் காக்கும். அதனால்தான் குழாய் கறுப்பாக இருக்கிறது. வண்ண வளையங்களை நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை மூட்டுகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பலகையில் பருத்தித் துணியைச் சுருக்கமின்றிக் கட்டுங்கள். அதன்மேல் குழாய்த் துண்டு ஒன்றை, உருளாதபடி நெடுக்காக வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு சறுக்கத் தொடங்கும் கோணத்தை அளந்து, அதன் டேன்ஜன்ட் மதிப்பைக் காணுங்கள். அதுவே உராய்வுக் குணகம். பட்டுத் துணியிலும் இதைச் செய்யுங்கள். நெசவாளர் வீட்டில் வெட்டுத் துண்டு ஒன்று கேட்டால் கிடைக்கும். வளையம் சுழற்ற எந்த உடை ஏற்றது என்பதை உங்கள் அளவீடே சொல்லிவிடும்.